மெக்கன்சி: தந்தையின் பெயர் ஒரு குலத்தின் பெயரான வரலாறு

தென்னிந்தியாவின் பாளையக்காரர் வரலாற்றையோ ஊர்களின் பழங்கதைகளையோ ஆராயப் புகும் எவரும் ‘மெக்கன்சி சுவடிகள்’ என்னும் தொகுப்பைச் சந்திக்காமல் போக முடியாது. 1783இல் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்த காலின் மெக்கன்சி, காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா ஆகிய அறிஞர்களின் துணையுடன் திரட்டிய கைபீதுகளும் (ஊர் வரலாற்றுப் பதிவுகளும்) வம்சாவளிகளும் அதில் அடங்கியுள்ளன. அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அடுத்தவர் குடும்பங்களின் வம்சாவளியை அத்தனை ஆர்வத்துடன் தேடிச் சேர்த்த அந்த மனிதர் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். அவருடைய பெயரின் பிற்பகுதி, கேலிக் மொழி பேசிய மலைநாட்டுக் குலம் ஒன்றின் வம்சாவளியிலிருந்து உடைந்து வந்த ஒரு சொற்றொடர். அந்தச் சொற்றொடர் எப்படிப் பிறந்தது, எப்படி உறைந்தது, எப்படி ஆயிரக்கணக்கானோரின் குடும்பப்பெயராயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரே குடும்பப்பெயரைத் தாங்கியவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், அது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் இவ்வரலாற்றின் வழியாகவே பார்த்துவிடலாம்.

மகன், பேரன், மகள்

அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த மொழிகள். இவற்றில் ‘மாக்’ என்றால் மகன் என்று பொருள். ஓகம் என்னும் கோட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு அயர்லாந்திலும் அதன் அண்டை நிலங்களிலும் கிடைக்கும் பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்னாருடைய மகன் இன்னாருடைய கல் என்ற அமைப்பிலேயே உள்ளன. அவற்றில் ‘மகி’ என்று காணப்படும் சொல்லே பிற்காலத்து ‘மாக்’கின் முன்னோடி. ஐரிஷில் இதனுடன் ‘ஓ’ என்னும் மற்றொரு முன்னொட்டும் உண்டு. பேரன் என்று பொருள்பட்ட அச்சொல் காலப்போக்கில் வழித்தோன்றல் என்ற பொதுப்பொருளைப் பெற்றது. 1014இல் கிளான்டார்ஃப் போரில் மாண்ட பிரையன் போருவின் வழியினர் ஓ பிரையன் என்றும், 919இல் டப்ளின் அருகே நார்ஸ் (வைக்கிங்) படையுடன் மோதி மாண்ட அரசர் நீலின் வழியினர் ஓ நீல் என்றும் பெயர் கொண்டது இவ்வாறுதான்.

இத்தகைய பெயரைத் தந்தைவழிப் பெயர் என்கிறோம். அதன் இயல்பான நிலையில் அது ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது. நம்முடைய தலைப்பெழுத்து தாத்தாவுக்கு ஒன்றாகவும் தந்தைக்கு ஒன்றாகவும் நமக்கு ஒன்றாகவும் மாறுவதைப் போலவே, கேலிக் மக்களிடையேயும் ‘மாக்’குக்குப் பின்வரும் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. ஒருவரைத் துல்லியமாக அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் தந்தை, பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கி அடுக்கிச் சொன்னார்கள். ஈயன் என்பவரின் மகனும் கோஞ்ஞக் என்பவரின் பேரனுமான அலஸ்டர், ‘அலஸ்டர் மாக் ஈயன் விக் ஹோஞ்ஞிக்’ என்று அறிமுகம் செய்யப்படுவார். ‘விக்’ என்பது ‘மாக்’கின் ஆறாம் வேற்றுமை வடிவம், ‘மகனுடைய’ என்று பொருள். ‘ஹோஞ்ஞிக்’ என்பது கோஞ்ஞக் என்ற பெயரின் அதே வேற்றுமை வடிவம். இவ்வாறு வம்சத்தைச் சொல்லும் முறைக்கு ‘ஸ்லோஞ்ஞக்’ என்று பெயர். மேற்குத் தீவுகளில், ஊரில் பாதிப்பேர் ஒரே குடும்பப்பெயரைக் கொண்டிருப்பதால், இவ்வழக்கம் பேச்சில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பெண்களுக்கு வேறு வடிவம் உண்டு. ‘மாக்’ என்றால் மகன் என்பதை உணர்ந்த சமூகத்தில் ஒரு பெண்ணை அச்சொல்லால் அழைக்க முடியாது. ஆகவே ‘மாக் இன்னாரின் மகள்’ என்று பொருள்படும் ‘நியன் விக்’ என்ற தொடர் வழங்கி, பின்னர் அது ‘நிக்’ என்று சுருங்கியது. ஆங்கிலத்தில் அண்ணனும் தங்கையும் மெக்கன்சிதான். அப்பெயரின் மூல வடிவம் வழங்கும் கேலிக்கில் அண்ணன் மாக் கோஞ்ஞிக் (கோஞ்ஞக்கின் மகன்), தங்கை நிக் கோஞ்ஞிக்.

மாறிக்கொண்டிருந்த பெயர் ஏன் உறைந்தது? அயர்லாந்தில் 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே அரச குடும்பங்கள் தங்கள் புகழ்பெற்ற மூதாதை ஒருவரின் பெயரை நிலையாகப் பற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அங்கே ஆட்சியுரிமையும் நிலவுரிமையும் ஒரு குறிப்பிட்ட மூதாதையின் வழியில் வருவதைப் பொறுத்திருந்தன. எனவே அந்த மூதாதையின் பெயரைச் சுமப்பதே உரிமைக்கு அத்தாட்சியாக இருந்தது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் இது பின்னரே நிகழ்ந்தது. அதுவும் தலைவர்களின் குடும்பங்களில்தான் முதலில் நிகழ்ந்தது. சாதாரணக் குடியானவர்கள் பலர் 17, 18ஆம் நூற்றாண்டுகள் வரையிலும் தந்தையின் பெயரை மட்டும் சொல்லியே வாழ்ந்தார்கள்.

யார் அந்த கோஞ்ஞக்?

கோஞ்ஞக் என்பது அழகன் என்று பொருள்படும் பழைய ஆண்பெயர். 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஐரிஷ் துறவி ஒருவர் இப்பெயரைத் தாங்கியதால் அது கேலிக் நாடு முழுவதும் பரவியது. அயர்லாந்தின் கில்கென்னி நகரம் அவருடைய பெயரால் அமைந்தது. ‘கில்’ என்றால் தேவாலயம். கில்கென்னி என்றால் அந்தத் துறவியின் தேவாலயம். லத்தீன் வழியில் புனித கனிஸ் என்று வழங்கும் அவருக்கு அந்நகரில் இன்றும் ஒரு பேராலயம் உண்டு.

இப்பெயர் ஆங்கிலத்தில் கென்னத் என்று ஆயிற்று. இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். 858இல் மறைந்த கென்னத் மக்கால்பின் என்னும் அரசரை ஸ்காட்லாந்து அரச மரபின் முதல்வராகக் கூறுவது வழக்கம். ஆனால் அவருடைய உண்மையான பெயர் கினாய்த் என்ற வேறொரு பெயர். இரண்டு பெயர்களும் ஆங்கிலத்தில் கென்னத் என்ற ஒரே வடிவத்தில் போய்ச் சேர்ந்ததால், பின்னாளில் கேலிக் பேசுவோரே அவ்வரசரைக் கோஞ்ஞக் என்று அழைக்கலாயினர். இதை வைத்துக்கொண்டு மெக்கன்சிகள் அவ்வரசரின் வாரிசுகள் என்று முடிவுகட்டுவது பிழை. கினாய்த் என்ற பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர் அயர்லாந்தில் வழங்கும் மெக்கென்னா. மெக்கன்சிக்கும் மெக்கென்னாவுக்கும் உள்ள ஒற்றுமை காதுக்கு மட்டுமே.

குலத்துக்குப் பெயர் தந்த கோஞ்ஞக், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள கின்டேல் பகுதியோடு தொடர்புபடுத்தப்படுகிறார். மூன்று கடல்நீரேரிகள் கூடுமிடத்தில் ஒரு சிறு தீவின் மேல் நிற்கும் எய்லின் டோனன் கோட்டைதான் அப்பகுதியின் காவல்மனை. 1467இல் எழுதப்பட்டு இப்போது ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கும் கேலிக் வம்சாவளிச் சுவடி ஒன்று, மெக்கன்சித் தலைவர்களின் வழியை ‘ஆர்ட் நாட்டு கில்லியோன்’ என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அண்டைக் குலமான மாத்திசன்களும் அதே மூதாதையைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதாவது உள்ளூர்க் கேலிக் மரபில் வந்த ஒரு குடும்பம் என்பதே அச்சுவடி தரும் செய்தி.

ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் வேறொரு கதை எழுந்தது. காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் அயர்லாந்துப் பிரபு 1263இல் லார்க்ஸ் போரில் ஸ்காட்லாந்து அரசருக்காகப் போரிட்டார்; அதற்குப் பரிசாக 1266இல் கின்டேல் நிலத்தைப் பட்டயத்தோடு பெற்றார்; மெக்கன்சிகள் அவருடைய வழியினர் என்பது அக்கதை. முதலாம் குரோமார்ட்டி பிரபுவான ஜார்ஜ் மெக்கன்சி இதைத் தம் குடும்ப வரலாற்றில் எழுதிப் பரப்பினார். நார்மன் வழிவந்த உயர்குடி ஒன்றோடு உறவு கொண்டாடுவது அன்றைய அரசவையில் மதிப்பைத் தந்தது. காட்டுமிராண்டிகள் என்று தாழ்நாட்டார் இகழ்ந்துவந்த மலைநாட்டுக் கேலிக் மக்களின் தலைவர்களுக்கு அந்த மதிப்பு தேவைப்பட்டிருக்கும். எனினும் அந்தப் பட்டயம் பிற்காலப் புனைவு என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். குலப் பெருமைக்காக எழுதப்பட்ட வரலாற்றைப் படிக்கும்போது, அது எப்போது, எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நிலத்தோடு பரவிய பெயர்

15ஆம் நூற்றாண்டு வரையில் மெக்கன்சிகள் நடுத்தர வலிமையுள்ள ஒரு குடும்பமே. அந்த வட்டாரத்தில் பேரதிகாரம் செலுத்தியவர்கள் தீவுகளின் அதிபதிகளான மெக்டோனல்டுகள். 1476இல் ராஸ் பகுதியின் பிரபுப் பட்டத்தையும் 1493இல் தீவுகளின் ஆட்சியையும் அவர்களிடமிருந்து ஸ்காட்லாந்து அரசர் பறித்துக்கொண்டார். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில், அரசர் பக்கம் நின்ற மெக்கன்சிகள் விரைந்து வளர்ந்தார்கள். 1609இல் அவர்களுடைய தலைவருக்கு கின்டேல் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே மெக்லவுட் குலத்தாரிடமிருந்த லூயிஸ் தீவு அவர்கள் கைக்கு வந்தது. அத்தீவிலுள்ள நீரேரி ஒன்றின் பெயரைக் கொண்டு 1623இல் சீஃபோர்த் பிரபு என்ற பட்டமும் உருவாக்கப்பட்டது. கீழ்க்கடல் முதல் மேல்கடல் தாண்டிய தீவு வரையில் வடஸ்காட்லாந்தின் குறுக்கே அவர்களுடைய நிலம் விரிந்து கிடந்தது.

நிலம் விரிந்தபோது பெயரும் விரிந்தது. ஒரு தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவருடைய பாதுகாப்பை நாடியவர்கள், அவருக்காக வாளேந்தியவர்கள் ஆகியோரில் பலர் நிலையான குடும்பப்பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டிய காலம் வந்தபோது தலைவரின் பெயரையே தம் பெயராகக் கொண்டார்கள். தேவாலயப் பதிவேட்டிலும் குத்தகைக் கணக்கிலும் எழுத்தர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவரோடு இரத்த உறவு இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதற்கு மாறாக, எய்லின் டோனன் கோட்டையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, ‘மெக்கன்சியின் இரும்புக் கவசம்’ என்று புகழப்பட்ட மெக்ரே குடும்பத்தார் கடைசிவரை தங்கள் சொந்தப் பெயரைக் கைவிடவில்லை. எனவே தலைவருக்கு மிக நெருங்கிய துணைவன் வேறு பெயரோடு இருக்கலாம். எந்த உறவுமில்லாத தூரத்துக் குடியானவன் தலைவரின் பெயரோடு இருக்கலாம். மெக்கன்சி என்ற பெயர் இன்று ஒருவரிடம் இருந்தால், அவருடைய முன்னோர் ஏதோ ஒரு காலத்தில் மெக்கன்சிகளின் ஆளுகைக்குள் வாழ்ந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். கோஞ்ஞக்கின் இரத்தம் அவர் உடலில் ஓடுகிறது என்று அதைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

இத்தனை வலிமையும் 1715இல் ஆட்டம் கண்டது. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையேற்ற நடந்த கிளர்ச்சியில் ஐந்தாம் சீஃபோர்த் பிரபு கலந்துகொண்டு, பட்டத்தையும் நிலத்தையும் இழந்தார். 1719இல் மறுபடியும் நடந்த முயற்சியின்போது ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்கள் எய்லின் டோனன் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கோட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்ரே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மீண்டும் கட்டியது.

நிலத்தையும் பட்டத்தையும் மீட்டுக்கொண்ட அக்குடும்பம் பின்னர் பிரிட்டிஷ் அரசுக்குப் படைதிரட்டிக் கொடுத்தது. 1778இல் கென்னத் மெக்கன்சி என்னும் சீஃபோர்த் பிரபு திரட்டிய 78ஆம் படைப்பிரிவு 1781இல் இந்தியாவுக்குக் கப்பலேறியது. பிரபு வழியிலேயே இறந்தார். வீரர்களில் பலரை ஸ்கர்வி நோய் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் 1782இல் சென்னையில் கரையிறங்கி, மறு ஆண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கடலூர் முற்றுகையில் போரிட்டார்கள்.

இல்லாத ஓர் எழுத்தும் இருக்கின்ற ‘சி’யும்

மாக் கோஞ்ஞிக் என்ற ஒலிப்பில் ‘ச’கரமோ ‘ஸ’கரமோ எங்கும் இல்லை. அப்படியிருக்க, மெக்கன்சி என்று முடியும் பெயர் எங்கிருந்து வந்தது? இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

கேலிக் பெயர்களை ஏடுகளில் எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான தாழ்நாட்டு ஸ்காட்ஸ் மொழியில் எழுதியவர்கள். கோஞ்ஞிக் என்பதன் நடுவில் நம்முடைய ‘ஞ’வைப் போன்ற மெல்லொலி உண்டு. அவ்வொலிக்குத் தனியெழுத்து இல்லாத அவர்கள், ‘ன’கர ஒலிக்குரிய எழுத்தோடு ‘யோக்’ என்னும் பழைய எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். ஏறத்தாழ 3 என்ற எண்ணைப் போன்ற உருவம் கொண்ட யோக் எழுத்து ஸ்காட்ஸில் பல இடங்களில் யகர ஒலியைக் குறித்தது. எனவே அவர்கள் எழுதிய பெயரை ‘மக்கென்யி’ என்று படிக்க வேண்டும். கேலிக் ஒலிப்புக்கு அது மிக நெருக்கமானது. கடைசியில் வரும் தொண்டை ஒலி மட்டும் உதிர்ந்துபோயிற்று.

பிறகு அச்சு வந்தது. யோக் எழுத்துக்குரிய அச்சுருக்கள் அச்சகங்களில் இல்லை. கையெழுத்தில் அதன் உருவம், வால் நீண்ட ‘இசட்’ எழுத்தை ஒத்திருந்தது. ஆகவே அச்சுக்கோப்பவர்கள் யோக் வர வேண்டிய இடத்தில் இசட்டை வைத்தார்கள். கண்டவர்களுக்குப் பழைய ஒலிப்பு தெரிந்திருந்தவரை குழப்பமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, மதக் கிளர்ச்சியாளர்களைக் கொடுமையாக ஒடுக்கியதால் ‘இரத்தவெறி மெக்கன்சி’ என்று பெயரெடுத்த மற்றொரு ஜார்ஜ் மெக்கன்சியின் காலத்தில் மக்கள் அப்பெயரை மக்கென்யி அல்லது மக்கிங்கி என்றே உச்சரித்தார்கள். (எடின்பரோவில் வழக்கறிஞர்களுக்கான பெரிய நூலகத்தை நிறுவியவரும் அவரே; இன்றைய ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதிலிருந்து வளர்ந்தது.) 18ஆம் நூற்றாண்டில் எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் பெருகியபோது, இசட்டை இசட்டாகவே ஒலித்தார்கள். அந்த ஒலிப்பு நிலைபெற்று உலகெங்கும் சென்றது. அதே இசட்டைக் கொண்ட மென்சிஸ் என்ற பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் பலர் மிங்கிஸ் என்றும், டால்சியெல் என்பதை டீயெல் என்றும் சொல்வதைக் கேட்டால், மெக்கன்சி எந்த வழியில் சென்றிருக்கக்கூடும் என்பது விளங்கும்.

எழுத்தைப் பற்றிய மற்றொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘மேக்’ என்று மூன்றெழுத்தாக எழுதினால் ஸ்காட்லாந்துக்காரர், ‘மெக்’ என்று இரண்டெழுத்தாகச் சுருக்கினால் ஐரிஷ்காரர் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டெழுத்து வடிவம், ஏடுகளில் இடத்தை மிச்சப்படுத்த எழுத்தர்கள் கையாண்ட சுருக்கமே. ஒரே மனிதரின் பெயர் ஒரே பதிவேட்டில் இரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். மான் தீவிலோ அந்த முன்னொட்டே தேய்ந்து, அதன் கடைசி ககர ஒலி மட்டும் பின்வரும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘பாலின் மகன்’ என்று பொருள்படும் மாக் ஃபால் அங்கே குவேல் ஆகிவிட்டது.

கடல் கடந்த மெக்கன்சிகள்

மலைநாட்டிலிருந்து மக்கள் வெளியேறியதும் வெளியேற்றப்பட்டதும் பெரிய வரலாறு. அதை இங்கே முழுவதும் சொல்ல இயலாது. பெயர் சென்ற இடங்களை மட்டும் குறிக்கலாம். காலின் மெக்கன்சியைப் போலவே ஸ்டோர்னோவேயில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி, விலங்குகளின் மென்மயிர்த்தோல் வணிகராகக் கனடாவுக்குள் சென்று, 1789இல் ஒரு பேராற்றின் வழியே ஆர்க்டிக் பெருங்கடலை அடைந்தார். அந்த ஆறு இன்று மெக்கன்சி ஆறு எனப்படுகிறது. 1793இல் அவர் தரைவழியே பசிபிக் கரையையும் எட்டினார். நியூசிலாந்தின் தென்தீவிலோ, ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் கேலிக் பேசும் மேய்ப்பர் 1855இல் ஆயிரம் ஆடுகளைத் திருடினார் என்ற குற்றச்சாட்டில் பிடிபட்டு, மறு ஆண்டே மன்னிப்புப் பெற்று விடுதலையானார். அவர் ஆடுகளை ஓட்டிச்சென்ற மலைச்சமவெளி இன்று அவருடைய பெயரால் வழங்குகிறது.

டொரான்டோவின் முதல் மேயரும் 1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவருமான வில்லியம் லயன் மெக்கன்சியின் மகள்வழிப் பேரன், கனடாவில் மிக நீண்டகாலம் பிரதமராக இருந்த வில்லியம் லயன் மெக்கன்சி கிங். தந்தைவழிப் பெயராகப் பிறந்த ஒன்று இங்கே தாய்வழியாக இறங்கி, இடைப்பெயராக அமர்ந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்கப் பெற்றோர் மெக்கன்சி என்பதைத் தம் பெண்குழந்தைகளுக்கே முதற்பெயராகச் சூட்டலாயினர். லூயிஸ் தீவிலுள்ள கேலிக் பேசும் பாட்டி ஒருவருக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

இப்பெயர் கொண்ட முன்னோரைப் பழைய ஸ்காட்லாந்து ஏடுகளில் தேடுவோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். எழுத்து வேறுபாட்டை வைத்துக் குடும்பக் கிளைகளைப் பிரிக்கக் கூடாது. மெக், மேக், இரட்டைக் ககரம், ஒற்றைக் ககரம் என எல்லா வடிவங்களிலும் தேட வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஏடுகளில் பெண்களின் குடும்பப்பெயருக்கு முன் ‘நிக்’கின் சுருக்கம் இருக்கலாம் என்பதால் அங்கேயும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் மணமான பெண்களும் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவது வழக்கமாதலால், தாயின் வழியைத் தொடர்வது இங்கிலாந்தில் இருப்பதைவிட எளிது. தந்தைவழி அடுக்கு எங்கேனும் ‘விக்’ என்ற சொல்லோடு எழுதப்பட்டிருந்தால், குடும்பப்பெயரைக் காட்டிலும் அதற்கே முதலிடம் தர வேண்டும். அந்த அடுக்கில் வரும் பாட்டனும் பூட்டனும் அந்த மனிதருக்கே உரிய உண்மையான முன்னோர்கள்.